உட்கார், இரு, வா, விடு

வெடிகுண்டு தேடும் நாய்க்கும் அடுக்குமாடி வீட்டு நாய்க்கும் முதல் பாடம் ஒன்றுதான். வீட்டில்தான் அதைச் சரியாகச் சொல்லித்தர ஆள் இல்லை.

குவாலியருக்குப் பக்கத்தில் தெகன்பூர். எல்லைப் பாதுகாப்புப் படையின் அகாதெமி வளாகத்தில் 1970லிருந்து இயங்கி வருகிறது தேசிய நாய்கள் பயிற்சி மையம். வெடிமருந்தை மோப்பம் பிடிக்கக் கற்கும் நாய், வரிசையாக வைத்த பொருள்களை முகர்ந்துகொண்டே போகும். ஏதோ ஒன்றின் அருகே வேகம் குறையும். மூக்கு திரும்பும். பிறகு நாய் சத்தமில்லாமல் உட்காரும். அவ்வளவுதான். குரைக்காது, பிராண்டாது. தொட்டால் வெடிக்கக்கூடியதைத் தேடும் நாய்க்கு வேறு எந்த அறிவிப்பும் ஆபத்தானது. மும்பையில் 1993 மார்ச் குண்டுவெடிப்புகளுக்குப் பின் போலீஸ் நாய் ஜஞ்சீர் கண்டுபிடித்துக் கொடுத்த ஆர்டிஎக்ஸ் மட்டும் 3,329 கிலோ. 2000 நவம்பரில் அது இறந்தபோது போலீஸ் மரியாதையுடன் அடக்கம் செய்தார்கள்.

அதே ‘உட்கார்’தான் நொய்டாவிலோ தாணேயிலோ ஏழாவது மாடியில் வளரும் லாப்ரடாருக்கும் முதல் பாடம். அங்கே ஆர்டிஎக்ஸ் இல்லை. ஆனால் லிஃப்ட் இருக்கிறது. சின்ன இரும்புப் பெட்டிக்குள் முப்பது கிலோ நாய், அதன் வாரைப் பிடித்திருக்கும் பத்து வயதுப் பையன், நாயைக் கண்டாலே நடுங்கும் ஒரு பாட்டி, கையில் பால் பாக்கெட்டோடு இன்னொருவர். நாய் மூலையில் உட்கார்ந்தால் எல்லோரும் நல்லபடியாகத் தரைத்தளம் போய்ச் சேர்வார்கள். தாவினால் குடியிருப்போர் சங்கத்துக்குப் புகார் போகும். கடித்தால் காவல் நிலையத்துக்கு. நொய்டாவில் 2023 மார்ச்சில் அமலுக்கு வந்த விதிப்படி, நாய் யாரையாவது கடித்தால் அதை வளர்ப்பவருக்கு 10,000 ரூபாய் அபராதம். கடிபட்டவரின் சிகிச்சைச் செலவு தனி.

நாய் வளர்க்கக் கூடாது என்றோ லிஃப்டில் ஏற்றக் கூடாது என்றோ சங்கங்கள் தடை போட முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015ல் வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. விதிப்படி நாய்க்கு லிஃப்டில் இடம் உண்டு. பக்கத்து வீட்டுக்காரர் பொறுமையாக இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் இல்லை. நாலைந்து சண்டைகளுக்குப் பிறகு, ஒன்றரை வயதில், ஆள் உயரத்துக்குத் தாவும் வயதில், நாய் யாரோ ஒருவரின் பண்ணை வீட்டுக்கோ காப்பகத்துக்கோ போகிறது. சில சமயம் நெடுஞ்சாலை ஓரம் இறக்கிவிடப்படுகிறது. இப்படித் தவிக்க விட்டுப் போவது 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். குட்டியாக இருந்தபோது தினமும் பத்து நிமிடம் செலவிட்டிருந்தால் இவற்றில் பாதி நடந்திருக்காது.

அரசின் கவனம் இனத்தின் மீதே இருக்கிறது. பிட்புல், ராட்வைலர் உட்பட 23 இனங்களை இறக்குமதி செய்யவும் வளர்க்கவும் விற்கவும் அனுமதிக்கக் கூடாது என்று மத்திய கால்நடைத் துறை 2024 மார்ச்சில் மாநிலங்களுக்குக் கடிதம் எழுதியது. அடுத்த மாதமே கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சில இனங்களின் தாடை பலம் ஆபத்தானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் எந்தப் பாடமும் சொல்லித்தராமல் பால்கனியில் கட்டிப்போட்டு வளர்க்கப்படும் நாய் எந்த இனமாக இருந்தாலும் நல்ல அண்டை வீட்டுக்காரனாகாது.

சொல்லித்தருவது கடினமா? ‘உட்கார்’ அளவில் இல்லை. இரண்டு மாதக் குட்டி போதும். தடுப்பூசிகள் முடியும்வரை வெளியே தெருநாய்கள் நடமாடும் இடத்தில் இறக்கக் கூடாது. வீட்டுக்குள் பாடம் நடத்தத் தடையில்லை. பட்டாணி அளவு வேகவைத்த கோழித் துண்டை விரல்களுக்கு நடுவே பிடித்துக்கொள்ள வேண்டும். சைவ வீடாக இருந்தால் பனீர். சப்பாத்தித் துண்டுக்காகவும் பல குட்டிகள் உயிரை விடும். (திராட்சை, கிஸ்மிஸ், சாக்லெட், வெங்காயம் கூடாது. நாய்க்கு இவை விஷம்.) துண்டை மூக்கருகே காட்டி, மெல்ல மேலே உயர்த்தித் தலைக்குப் பின்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். மூக்கு மேலே போனால் பிட்டம் கீழே வரும். எலும்புக்கூடு அப்படி அமைந்திருக்கிறது. பிட்டம் தரையைத் தொட்ட கணத்திலேயே துண்டு வாய்க்குப் போக வேண்டும். கணத்தில் என்றால் ஒரு விநாடிக்குள். பையைத் துழாவி எடுப்பதற்குள் நாய் எழுந்துவிட்டால் அதற்குக் கிடைக்கும் பாடம், எழுந்தால் கோழி கிடைக்கும் என்பது.

இந்த ஒரு விநாடிதான் எல்லாப் பயிற்சிக்கும் உயிர்நாடி. அதற்காகவே டால்ஃபின்களைப் பழக்கியவர்கள் விசிலைப் பயன்படுத்தினார்கள். கடலில் இருக்கும் டால்ஃபின் வாயில் அந்த நொடியே மீனைப் போட முடியாது. சரியாகச் செய்த நொடியில் விசில் ஊதினால், மீன் வரப்போகிறது என்று அதற்குப் புரியும். அமெரிக்காவின் கேரன் பிரையர் அந்த முறையை நாய் வளர்ப்பவர்களிடையே பரப்பினார். விசிலுக்குப் பதில் ‘டிக்’ என்று ஒலிக்கும் சிறு கருவி. கருவி இல்லாவிட்டாலும் நஷ்டமில்லை. வடக்கே வீடுகளில் புழங்கும் ‘ஷாபாஷ்’ அந்த வேலையைச் செய்யும். எப்போதும் அதே குரலில், அதே நொடியில் சொன்னால் போதும்.

கவனிக்க வேண்டியது, இதுவரை ‘உட்கார்’ என்ற சொல்லே வரவில்லை என்பது. பெரும்பாலான வீடுகளில் முதலில் வருவது அந்தச் சொல்தான். நாய் நின்றுகொண்டிருக்கும், வீட்டுக்காரர் ‘உட்கார், உட்கார், உட்கார்’ என்று ஏழு முறை சொல்வார். நாய்க்கு அது விளங்காத மொழியில் ஒலிக்கும் வானொலிச் செய்தி. செயல் கைச்சைகைக்கு ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகு, சைகைக்கு ஒரு நொடி முன்னால், ஒரே ஒரு முறை சொல்லைச் சேர்க்க வேண்டும். சில நாட்களில் சொல்லைக் கேட்டதுமே நாய் சைகையை எதிர்பார்த்து உட்கார்ந்துவிடும். கையில் துண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உட்காரும் நாய்கள் உண்டு. அது வீட்டுக்காரரின் குறை. ஐந்தாறு தடவைக்குப் பிறகு வெறுங்கையால் சைகை காட்டி, பரிசை வேறு இடத்திலிருந்து எடுத்துக் கொடுக்கத் தொடங்கியிருக்க வேண்டும்.

எந்த மொழியில் சொல்வது? இந்தியாவில் நாய்களோடு பேசும் மொழி ஆங்கிலமாகவே இருக்கிறது. வீட்டில் ஒரு வார்த்தை ஆங்கிலம் தெரியாதவர்கள்கூட நாயிடம் ‘சிட்’ என்பார்கள். இதை அடிமைப் புத்தி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு காரணம் இலக்கணத்தில் இருக்கிறது. நம் மொழிகளில் ஏவல் வினை ஆளுக்கு ஆள் மாறும். இந்தியில் பைட், பைட்டோ, பைட்டியே. தமிழில் உட்கார், உட்காரு, உட்காருங்க, உட்காருடா. செல்லம் முற்றினால் ‘உட்காருடா கண்ணு, அப்பா சொன்னாக் கேக்கணும்’. மரியாதை நமக்குப் புரிகிறது. நாய்க்கு இவை நான்கும் நான்கு வேறு ஒலிகள். ஆங்கில ‘சிட்’டுக்கு அந்தத் தொல்லை இல்லை. தமிழிலும் வழி இல்லாமல் இல்லை. ஏவல் ஒருமைக்கு விகுதியே வேண்டாம், பகுதி மட்டும் போதும் என்கிறது இலக்கணம். இரு, வா, விடு, படு. நாய்க்காகவே செய்தாற்போன்ற சொற்கள்.

மொழி எதுவானாலும் வீடு முழுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். தில்லிக் குடும்பம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பாட்டி ‘பைட் ஜா’ என்கிறார். மகள் ‘சிட்’. மகன் ‘சிட் டவுன்’. அவன் கெடுப்பதுதான் அதிகம். ஏனென்றால் ‘டவுன்’ என்பது படுக்கச் சொல்லும் கட்டளை. சோபாவில் ஏறியதும் அம்மாவும் ‘டவுன்’ என்றுதான் கத்துகிறார், இறங்கு என்ற அர்த்தத்தில். நாய் விழிக்கிறது. குடும்பம் அதைப் பிடிவாதக்கார நாய் என்கிறது. பயிற்றுநரை வரவழைத்துப் பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காகிதத்தில் நான்கு சொற்களை எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினால் பாதி வேலை முடியும். சமையலுக்கு வருபவரையும் கார் ஓட்டுபவரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் நாயை வெளியே கொண்டுபோவது அவர்கள்தான்.

சொல்லைவிடக் கைச்சைகையை நாய் விரைவில் பிடித்துக்கொள்ளும். இதற்கான நல்ல ஆதாரம் இந்தியத் தெருக்களிலிருந்தே கிடைத்திருக்கிறது. கல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தின் அனிந்திதா பத்ரா குழுவினர் பல நகரங்களில் தெருநாய்களை நிறுத்தி இரண்டு கிண்ணங்களைக் காட்டினார்கள். ஒன்றில் உணவு, இரண்டுமே மூடியிருந்தன. முன்பின் தெரியாத ஆள் ஒருவர் ஒரு கிண்ணத்தைச் சுட்டிக்காட்டினார். 160 நாய்கள். ஏறக்குறைய பாதி கிட்டவே வரவில்லை. மனிதர்களிடம் பட்ட அனுபவம் அப்படி. வந்தவற்றில் சுமார் 80 சதவிகிதம் கை காட்டிய கிண்ணத்துக்கே போயின. 2020ல் வெளியான ஆய்வு இது. யாரும் ஒரு நாள்கூடப் பழக்காத நாய்கள் அவை. தெருநாய்க்குப் புத்தி வராது, பழக்க வேண்டுமானால் ஜெர்மன் ஷெப்பர்ட் வேண்டும் என்று பேசுபவர்கள் கவனிக்கலாம்.

இந்தப் பேச்சுக்கு இப்போது அவசரமும் வந்திருக்கிறது. தில்லி வட்டாரத் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்ட் 11 அன்று உத்தரவிட்டது. பதினோரு நாளில் அது திருத்தப்பட்டபோது, தெருநாய்களைத் தத்தெடுக்க விரும்புவோர் விண்ணப்பிக்கலாம், தத்தெடுத்த நாய் திரும்பத் தெருவுக்கு வராமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்றும் நீதிமன்றம் சொன்னது. நல்லெண்ணத்தில் வீட்டுக்கு அழைத்து வந்த மூன்று வயதுத் தெருநாய் வாரைக் கண்டால் மிரளும், மூடிய கதவைப் பிராண்டும். அதற்கு முதல் வாரம் பாடமே கூடாது. வேளாவேளைக்கு அதே இடத்தில் சாப்பாடு, அதே ஆள், அதே குரல். படைகளிலும் இதுதான் நடைமுறை. நாயும் அதைக் கையாளும் வீரரும் ஜோடி சேர்க்கப்படுகிறார்கள். சோறு போடுவதும் உடம்பைத் துலக்குவதும் உலாவ அழைத்துப் போவதுமாக நெருக்கம் வளர்ந்த பிறகே கட்டளைகள் தொடங்குகின்றன. பெயரும் அப்போதே பழக வேண்டும். இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை 2020ல் பஞ்ச்குலா அருகே பானு முகாமில் பிறந்த 17 குட்டிகளுக்கு லடாக் பகுதி இடங்களின் பெயர்களைச் சூட்டியது. கல்வான், ஷியோக், ரேஸாங். தேசபக்தி ஒருபக்கம் இருக்க, கூப்பிடுவதற்கும் வசதியான பெயர்கள். வீடுகளிலோ பெயர் திட்டுவதற்கே அதிகம் பயன்படுகிறது. நாள் முழுக்க ‘புரூனோ! புரூனோ!’ என்று அதட்டல் கேட்ட நாய், பூங்காவில் பெயரைக் கேட்டதும் எதிர்த்திசையில் ஓடுவதில் ஆச்சரியமில்லை.

இங்கேதான் அடி வருகிறது. சுருட்டிய செய்தித்தாள், செருப்பு, கழுத்தை இறுக்கும் சங்கிலி. போலீஸ் நாய்ப் பயிற்சியின் முன்னோடியான ஜெர்மனியின் கொன்ராட் மோஸ்ட் 1910ல் எழுதிய நூலிலிருந்து பல காலம் இதுவே சாத்திரமாக இருந்தது. பிறகு ஓநாய்க் கூட்டத்தில் தலைவன் அடக்கி ஆள்கிறான், வீட்டில் நீங்கள்தான் தலைவன் என்று காட்ட வேண்டும் என்ற தத்துவம் சேர்ந்தது. கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து எழுந்த கருத்து அது. அதை 1970ல் புத்தகமாக எழுதிப் பரப்பிய அமெரிக்க விஞ்ஞானி டேவிட் மெக், காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று 1999ல் தானே எழுதினார். பழைய புத்தகத்தை அச்சிடுவதை நிறுத்தும்படி பதிப்பாளரைக் கேட்டும் பார்த்தார். ஆசிரியரே கைவிட்ட தத்துவத்தை நம் ஊர்ப் பயிற்றுநர்களில் பலர் இன்னும் விட்டபாடில்லை.

போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்துச் செய்த ஆய்வு 2020ல் வெளிவந்தது. அதட்டியும் வாரைச் சுண்டியிழுத்தும் பழக்கும் பள்ளிகளின் நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகள் கூடுதல். பயிற்சிக்குப் பிறகு எச்சிலில் மன அழுத்த ஹார்மோனும் கூடுதல். மூத்திரம் போன இடத்தில் மூக்கைத் தேய்ப்பது இன்னொரு குலவழக்கம். மணிக்கணக்கில் கழித்துக் கிடைக்கும் தண்டனையை எந்தச் செயலுக்கு என்று நாயால் கணக்கு வைக்க முடியாது. ‘தப்பு செய்ததை அதுவே உணர்ந்து தலையைக் குனிகிறதே’ என்பார்கள். நியூயார்க்கில் அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009ல் இதைச் சோதித்தார். தப்பு செய்யாத நாயைத் திட்டினாலும் அதே தலைகுனிவு. முகத்தில் தெரிந்தது குற்ற உணர்வல்ல, எஜமானின் குரலுக்கான பயம்.

பயத்தால் அதிகம் கெடுவது ‘வா’ என்ற கட்டளை. நான்கில் முக்கியமானதும் அதுதான். திறந்த கேட் வழியே சாலைக்குப் பாய்ந்த நாயைத் திருப்புவதற்கு வேறு கருவி கிடையாது. ஆனால் வீடுகளில் ‘வா’ என்பது எப்போது சொல்லப்படுகிறது? குளிப்பாட்ட. நகம் வெட்ட. காதில் மருந்து விட. பூங்காவில் மற்ற நாய்களோடு விளையாடிக்கொண்டிருக்கும்போது, வாரை மாட்டி வீட்டுக்கு இழுத்துப் போக. அரை மணி நேரம் துரத்தவிட்டு ஒருவழியாக வந்து சேர்ந்த நாய்க்கு முதுகில் ஒரு அடி. இத்தனை கெட்ட விஷயங்களுக்கு ஒரே முன்னறிவிப்பாக இருக்கும் சொல்லைக் கேட்டு எந்தப் பிராணி வரும்? பயிற்சி முறை எளிது. வீட்டுக்குள் இரண்டு அறைகளில் இருவர் நின்று மாறி மாறிக் கூப்பிட்டு, வந்த ஒவ்வொரு முறையும் இருப்பதிலேயே நல்ல தின்பண்டத்தைக் கொடுப்பது. பிறகு மொட்டை மாடி. பிறகு பத்து மீட்டர் கயிற்றில் பூங்கா. பூங்காவில் பத்துத் தடவை கூப்பிட்டால் ஒன்பது தடவை தின்னக் கொடுத்து மறுபடி விளையாட விட வேண்டும். பத்தாவது முறைதான் வீடு. குளிப்பாட்டுவதற்குக் கூப்பிடவே கூடாது, போய் அழைத்துவர வேண்டும். எவ்வளவு தாமதமாக வந்தாலும், எவ்வளவு ஆத்திரம் இருந்தாலும், வந்த நாயை அடிக்கக் கூடாது. முந்தைய சொல் ஏற்கெனவே கெட்டுப்போயிருந்தால் அதைச் செப்பனிட முயல்வதைவிடப் புதுச் சொல் ஒன்றுக்கு மாறிவிடுவது நல்லது.

‘இரு’ என்பதில் அவசரமே எதிரி. உட்கார்ந்த நாயை எவ்வளவு நேரம், எவ்வளவு தூரத்தில், எவ்வளவு இரைச்சலுக்கு நடுவே இருக்க வைப்பது என்ற மூன்றையும் ஒரே நாளில் கூட்டினால் தோல்விதான். முதலில் முன்னால் நின்றபடி மூன்று விநாடி. அது பத்தாகட்டும். பிறகு ஓரடி பின்னால் போகலாம், நேரத்தை மறுபடி மூன்றாகக் குறைத்துக்கொண்டு. அழைப்பு மணி அடிப்பது கடைசிப் பாடம். எழுந்துவிட்டால் திட்ட வேண்டியதில்லை; கேட்டது அதிகம் என்று அர்த்தம். ‘விடு’ இன்னும் சுலபம். வாயில் கவ்விய செருப்பைப் பிடுங்கினால் அது இழுபறி விளையாட்டு. அதைவிட நல்ல ஒன்றை மூக்கருகே காட்டினால் செருப்பு தானே விழும்; விழும்போது சொல்லைச் சொன்னால் போதும். தெருவில் கிடக்கும் கோழி எலும்பை விடச் செய்யவும் இதுவே கைகொடுக்கும். எல்லாமே ஒரு வேளைக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம், சாப்பாட்டுக்கு முன்னால். தில்லியின் மே மாதத்தில் விடியற்காலையோடு சரி. வெளியே தரையில் உள்ளங்கையை வைத்துத் தாங்க முடியாவிட்டால் நாயின் பாதமும் தாங்காது.

எல்லா நாயும் ஒரே வேகத்தில் கற்பதில்லை என்பதும் உண்மை. ராம்பூர், முதோல் போன்ற நம் வேட்டை நாய்களைப் பழக்க முடியாது என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். இரையைக் கண்ணால் பார்த்துத் துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை அவை. ஓடும்போது மனிதனைத் திரும்பிப் பார்க்கும் நாய் முயலைத் தவறவிடும். அதனால் ஆடு மேய்க்கும் இனங்களைப் போல எஜமானின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் குணம் இவற்றுக்கு இல்லை. பிடிவாதம் அல்ல, தொழில். ஆனால் தெகன்பூரில் இந்த இரண்டு இனங்களையும் எடுத்துப் பழக்கிப் பார்த்தார்கள். லக்னோவில் 2024ல் நடந்த அகில இந்திய போலீஸ் திறன் போட்டியில் துப்புத் துலக்கும் பிரிவில் முதலிடம் பெற்றது ரியா என்ற முதோல் பெண் நாய். 2025 அக்டோபர் 31 அன்று குஜராத்தின் ஏக்தா நகரில் நடந்த அணிவகுப்பில் இந்திய இன நாய்கள் மட்டுமே கொண்ட அணி நடந்து சென்றது. வீட்டில் முதோலோ, விருதுநகர்ப் பக்கத்து ராஜபாளையமோ வைத்திருப்பவர்கள் லாப்ரடாருக்கு ஆகும் நாட்களைப் போல் இரண்டு மடங்கு ஒதுக்கிக்கொள்வது நல்லது. திறந்த வெளியில் வாரை அவிழ்ப்பதை நெடுநாள் தள்ளிப்போட வேண்டும்.

பொறுமையில்லாதவர்களுக்கு வேறு வழியும் இருக்கிறது. ராணுவ நாய்கள் ஓய்வு பெற்றதும் கருணைக்கொலை செய்யப்பட்டுவந்தன. அது 2015ல் செய்தியாகி எதிர்ப்புக் கிளம்பிய பிறகு நடைமுறை மாறியது. மீரட்டில் உள்ள ராணுவக் கால்நடைப் படைப்பிரிவு மையத்திலிருந்து ஓய்வு பெற்ற நாய்களைப் பொதுமக்கள் தத்தெடுக்க முடிகிறது. வயது எட்டு, ஒன்பது ஆகியிருக்கும். மூட்டு வலி இருக்கும். கால்நடை மருத்துவருக்கும் செலவு உண்டு. லிஃப்டில் மூலையில் உட்காரச் சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டிலிருப்பவர்கள்தான் அதற்குப் பழகிய சொற்களையும் சைகைகளையும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். பாட்டி உட்பட.